கட்டைவிரல்ல மாட்டிக்கிட்ட சிவப்பி

ஏய் தாமரை, கால என்மேல போடாத, போர்வைய இழுத்துக்கோ. நான் சொல்லச் சொல்ல "ம்" போடணும். போடலேன்னா பெரியம்மா பாதியிலயே எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு கைக்குழந்தை இருந்துச்சாம், பேரு கோமளா. அவ உடம்புக்குள்ள கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டு ரத்தம். அது பேரு சிவப்பி. நுரையீரல்ல காத்த வாங்கி, கால் கட்டைவிரலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும். அதான் அவ வேலை. காத்து வரலேன்னா விரலு செத்தே போயிரும்.

ம் எங்க? ஆங், சரி.

ஒருநாள் இதயம் "தொம்... தொம்"னு தள்ளுச்சு. சிவப்பி தமனிக்குள்ள விழுந்தா. தமனின்னா போற வழி. சுவரு நல்லா தடியா, விரிஞ்சு விரிஞ்சு சுருங்கும். "சர்ர்ர்"னு தொடை, முட்டி, கணுக்கால்னு வந்துட்டா. அப்புறம் வழி குறுகிக் குறுகி, தலைமுடிய விட மெல்லிசா ஆயிருச்சு. அதுதான் தந்துகி. அங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் போகணும். சிவப்பி உடம்ப ஒடுக்கி நுழைஞ்சு, காத்த விரலுக்குக் கொடுத்தா. அப்புறம் திரும்புற வழி, சிரை. அதுக்குச் சுவரு மெல்லிசு. உள்ள குட்டிக் குட்டிக் கதவு. மேல போனா திறக்கும், கீழ வந்தா "டப்"னு சாத்திக்கும்.

அங்க போனா, வழியவே காணோம்!

"நகருங்க, நான் மேல போகணும்!"

"எங்கடி நகர்றது? ஏதோ வழிய நசுக்கிருச்சு!"ன்னு முன்னாடி நின்ன பொட்டுங்க கத்துச்சு.

என்னன்னா, கோமளாவோட அத்தை ராஜாமணி, கண்ணு படக்கூடாதுன்னு அந்த விரல்ல கறுப்புக் கயிறு கட்டியிருந்தா. பிள்ளை மேல அம்புட்டு ஆசை. பிள்ளை வளரும், கயிறு வளருமா? மெல்லிசான சிரை மொதல்ல நசுங்கிருச்சு. தடியான தமனியோ இன்னும் ரத்தத்த உள்ள தள்ளிக்கிட்டே இருக்கு. விரலு புசுபுசுன்னு வீங்குது. குளிருக்குச் சாக்ஸ் மாட்டியிருந்ததால யாரும் பாக்கல. "காத்து... காத்து..."ன்னு விரலு முனகுது. சிவப்பிகிட்ட ஒண்ணும் மிச்சமில்ல.

பயமா இருக்கா? எனக்கும்தான். கையக் குடு.

வெளிய கோமளா "வீல் வீல்"னு கத்துறா. அம்மா, வயித்து வலின்னு ஓமத்தண்ணி குடுத்தா. அடங்கல. அப்புறம் உப்பு மிளகாய் சுத்திப் போட்டாங்க, "படபட"ன்னு வெடிச்சுது. அடங்கல. அப்போ ராஜாமணி, "பொல்லாத கண்ணுல்ல பட்டிருக்கு! இன்னொரு கயிறும் கட்டிருவோம்"னு உள்ள ஓடினா.

அதுக்குள்ள தமனியும் நசுங்கிருச்சு. தொம்... தொ... விரல்ல சத்தமே இல்ல. விரலு மரத்துப்போச்சு, வலியே தெரியல. கோமளா கத்துறதும் நின்னுருச்சு.

"அப்பாடா, சரியாப்போச்சு"ன்னு அம்மா தொட்டில ஆட்டினா.

அடி பைத்தியக்காரி, சரியாகலடி!

ராஜாமணி புதுக் கயிறோட வந்து சாக்ஸ உருவினா. விரலு நாவப்பழமாட்டம் கறுத்துக் கெடக்கு. தொட்டா ஜில்லுன்னு இருக்கு. "அய்யோ, நானே கட்டினேனே!" கத்திரியால கயிற "நறுக்".

ஒண்ணும் நடக்கல.

அப்புறம் மெதுவா... "தொம்." சிவப்பி மேல ஓடினா, புது ரத்தம் "குபுகுபு"ன்னு கீழ வந்துச்சு.

கோமளா "வீ...ல்"னு முன்னவிடப் பெருசாக் கத்தினா.

"என்ன அண்ணி, மறுபடியும் அழுறாளே!"ன்னு அம்மா பதறினா.

ராஜாமணி பிள்ளையோட கால மூஞ்சியில அழுத்திக்கிட்டு, தேம்பித் தேம்பி சொன்னா: "அழட்டும் விடுடி. விரலுக்கு வலிக்குதுடி... வலிக்குது!"

கதைய இறக்கி வச்சாச்சு, நீ கண்ண மூடு.