கோணக்குளத்தார் மெயில் பெட்டியைக் காலி செய்த கதை

கோணக்குளத்துக்காரர்களைப் பற்றி யாராவது கேலி பேசினால் எனக்குப் பிடிக்காது. அவர்கள் நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள். தொல்லையே அதில்தான்.

அந்த ஊருக்கு பஸ் கிடையாது. பூ விற்கும் சொர்ணவடிவு தினமும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடப்பாள். நடந்து நடந்து அவள் முழங்கால் வீங்கிவிட்டது. ஊர்நலச் சங்கம் மனு மேல் மனு போட்டு, கடைசியில் ஒருநாள் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. சங்கத் தலைவர் உமையொருபாகம் எழுந்து நின்று போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அலுவலர் சொன்னார்:

"பஸ் விடுறதுக்கு ஆர்டர் ரெடிங்க. ஆனா மெயில் அனுப்பினா திரும்பி வருது. உங்க மெயில் பெட்டி நிரம்பி வழியுது. பழசையெல்லாம் அழிச்சு இடம் பண்ணுங்க. சாயங்காலத்துக்குள்ள நீங்க சம்மதம்னு பதில் போடலேன்னா பஸ் வடக்கூருக்குப் போயிரும்."

விஷயத்தைக் கேட்டதும், பக்கத்தில் நின்ற சொர்ணவடிவு ஓடிப்போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குக் கீழே வைத்தாள். வழிவது வீணாகக் கூடாதே.

சங்கத்தில் டைப் அடிக்கத் தெரிந்தவர் செயலாளர் தில்லைவனம் மட்டும்தான். அவர் பெட்டியைத் திறந்தார். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, வேலைவாய்ப்பு, முடி வளரும் தைலம் என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது.

"அண்ணாச்சி, பழசைத்தான அழிக்கச் சொன்னாங்க? இதுல ஒண்ணைக்கூட நாம பிரிக்கலயே. பிரிக்காத சேலை பழசாகுமா?"

உமையொருபாகம் யோசித்தார். "ஆகாது. எல்லாத்தையும் பிரிச்சு வாசியும். வாசிச்சா பழசாயிரும்."

தில்லைவனம் உரக்க வாசிக்க, மற்ற இருவரும் மரியாதையாகக் கேட்டார்கள். தைலத்தின் மகிமையைக் கேட்டதும் வழுக்கைத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாசித்து முடித்து தில்லைவனம் அழிக்கப் போனபோது தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வே இது? அவ்வளவு தூரத்துல இருந்து நம்மள நம்பி வந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லாமலா அனுப்புவீரு?"

நியாயம்தான். நம் பக்கத்தில் விடைபெறுகிறவரிடம் யாரும் 'போங்க' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வோம். ஆகவே ஒவ்வொரு மெயிலுக்கும் தில்லைவனம் "போயிட்டு வாங்க" என்று பதில் அனுப்பிவிட்டு, பிறகு அழித்தார்.

அனுப்பியதில் பாதி போய்ச் சேர இடமில்லாமல் திரும்பி வந்தது. வேறு சிலர் "தங்கள் மடலுக்கு நன்றி" என்று பதில் போட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர்களோ, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஆடித் தள்ளுபடி மொத்தத்தையும் அனுப்பிவைத்தார்கள். நன்றி சொன்னவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? தில்லைவனம் அதையும் செய்தார். மதியத்துக்குள் பெட்டி முன்னைவிட மோசமாகிவிட்டது.

மறுபடி போன். "என்னங்க, இன்னும் திரும்பி வருதே! வடக்கூர்க்காரங்க இங்கயே வந்து உக்காந்திருக்காங்க!"

மூவரும் இடிந்துபோனார்கள். அதன்பிறகு அவர்கள் நடத்திய ஆலோசனையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"தப்பு நம்ம மேலதான் அண்ணாச்சி," என்றார் தில்லைவனம். "போயிட்டு வாங்கன்னோம். போச்சு, வந்துட்டு. அதுகளைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?"

"அப்போ என்னன்னு சொல்லணும்ங்கீரு?"

"போங்கன்னு மட்டும்தான் சொல்லணும்."

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என் வாயால வராது வே. வரி கேட்டு வந்தவனைக்கூட நான் அப்படிச் சொன்னதில்ல."

சொர்ணவடிவு எழுந்தாள். "நான் சொல்லுதேன் அண்ணாச்சி. கூடையோட அந்த மேட்டுல ஏறும்போது உசுரு போயி உசுரு வருது. பாவமோ புண்ணியமோ, என்னோட போகட்டும்."

"ஒவ்வொண்ணா சொல்லாத. பாவம் கூடிரும்," என்றார் தலைவர். "மொத்தமா ஒரே தடவையாச் சொல்லிரு."

தில்லைவனம் எல்லாவற்றையும் தேர்வு செய்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தலைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சொர்ணவடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பார்த்து, "எல்லாரும் போங்க!" என்றாள். பொத்தான் அழுந்தியது. பெட்டி துடைத்துவிட்டாற்போல் ஆனது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகை அடங்குவதற்குள் பஸ் ஆர்டர் வந்து விழுந்தது. தில்லைவனம் "சம்மதம்" என்று அனுப்பினார். மூவருக்கும் தலைகால் புரியவில்லை. வடக்கூர்க்காரர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்களாம்.

மறுநாள் காலை பஸ் வந்தது. பூமாலை, ஆரத்தி, தேங்காய் எல்லாம் முடிந்ததும் ஊரே ஏறிவிட்டது. ஆடுகளும் ஏறின. கண்டக்டர் படியில் ஒற்றைக் காலில் தொங்கினார்.

"என்னய்யா அநியாயம்! வண்டி நிரம்பி வழியுது! கொஞ்சம் இறங்கி இடம் பண்ணுங்கய்யா!"

உமையொருபாகம் இருக்கையைவிட்டு எழுந்தார். இந்த விஷயத்தில் அவருக்கு இப்போது அனுபவம் இருந்தது.

"கொஞ்சம் கொஞ்சமாச் செஞ்சா ஆகாது! மொத்தமா ஒரே தடவையா இறங்குங்கடே!"

ஆடுகள் உட்பட எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு விசிலை ஊதினார். காலி பஸ் புறப்பட்டுப் போனது. பஸ்ஸுக்குள் கிடந்த இடத்தைப் பார்த்து ஊரே கைதட்டியது.

சொர்ணவடிவு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு நடந்தாள். சந்தையில் கருவாட்டுக்காரி ஆச்சரியப்பட்டாள்.

"ஏன் வடிவு, உங்க ஊருக்குத்தான் பஸ் விட்டாச்சாமே. பொறவு எதுக்கு நடந்து வாரே?"

"விட்டாச்சுக்கா! உள்ளே எவ்வளவு தாராளமா இடம் கெடக்குங்கிய! அதுல போய் ஏறி அடைச்சிரக் கூடாதுன்னுதான் ஊரே நடந்து வாரோம்."