மேசைமேல் சாவி

"மூணு மாசமா கம்ப்யூட்டரைக் கழட்டித் தூசி தட்டிக்கிட்டே இருக்கேன், மேடம். ஃபார்மேட் போட மட்டும் என்னை விடமாட்டேங்கிறீங்க. இது என்ன நியாயம்?"

சவரிமுத்து கேட்டேவிட்டார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. மில்லை மூடியதும் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர். பதில் சொல்ல வேண்டிய ஜீனத்துக்கு முப்பத்துமூன்று. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஒரே அறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அங்கே அவள்தான் குரு. வித்தை என்ன, வயசு பார்த்தா வருகிறது?

ஜீனத் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"ஃபார்மேட்னா உள்ள இருக்கிறது மொத்தமும் போயிரும்ணே. அதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"புதுசா விண்டோஸ் போடுவேன்."

"போட்டீங்க. நெட் வரலை. அதுக்கு டிரைவர் வேணும்."

"நெட்டுல இறக்கிக்குவேன்."

"நெட்டுதான் வரலையே."

சவரிமுத்து தூசி தட்டுகிற துணியை மறுபடி கையில் எடுத்தார்.

டிரைவர் என்பது பெரிய ரகசியமில்லை. கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்கும் நெட்டுக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்கிற சின்ன புரோகிராம். அது அவருக்கும் தெரியும். ஆனால் டிரைவர் இல்லாமல் நெட் இல்லை, நெட் இல்லாமல் டிரைவர் இல்லை என்றால் மனுஷன் எந்தப் பக்கம் போவான்? மத்தியானம் சாப்பிட்ட சாம்பாரில் உப்பு இருந்ததா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, பார்வையற்றோர் பள்ளியிலிருந்து சிஸ்டர் லூர்துமேரி ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்க மாடியேறி வந்தார்.

"சும்மா சும்மா நின்னுபோகுதும்மா. நாளைக் கழிச்சுப் பரீட்சை. பதினோரு பிள்ளைங்களுக்கு பிரெயில்ல கேள்வித்தாள் அடிக்கணும்."

"பிரெயில் பிரிண்டரோட டிரைவர் சிடி இருக்கா சிஸ்டர்?"

"எங்க போச்சோ தெரியலை. அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்களாம்."

"பேப்பர் அடிக்க முடியலைன்னா?"

"யாராவது கேள்வியை வாசிச்சுக் காட்டணும். தானே தடவிப் படிச்சு எழுதணும்னு வருஷம் பூரா பழகியிருக்குதுங்க. நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

சிஸ்டர் போனதும் ஜீனத் நாற்காலியைச் சவரிமுத்து பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்கண்ணே. இதுக்கு ஃபார்மேட் போட்டாத்தான் சரியாகும். இது உங்க வேலை."

உட்கார்ந்தார். உள்ளே என்னென்ன டிரைவர் இருக்கிறதோ எல்லாவற்றையும் பெயர் பெயராகக் காகிதத்தில் எழுதினார். ஒன்றுவிடாமல் காப்பி எடுத்தார். நெட்டுக்கு, சவுண்டுக்கு, திரைக்கு என்று கிடைத்தவற்றுக்கெல்லாம் புதுசையும் இறக்கினார். 'பத்திரம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அத்தனையையும் அதற்குள் வைத்தார். மத்தியானம் ஆகிவிட்டது.

"பாருங்க மேடம். முதல்ல பழசுக்குக் காப்பி. அப்புறம் புதுசு. பிரெயில் பிரிண்டருக்குப் புதுசு உலகத்துலயே கிடையாது. அந்தப் பழசும் பத்திரமா இருக்கு."

"எங்க?"

"இதோ, இதுக்குள்ளயேதான்." கம்ப்யூட்டரைச் செல்லமாகத் தட்டினார். "அழிச்சிரட்டுமா?"

ஜீனத் எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் வெளிய வாங்கண்ணே."

வந்தார். அவள் ஷட்டரை இழுத்துவிட்டாள். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு. அமுக்கினாள்.

"சாவி எங்க மேடம்?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"உள்ளதான். மேசைமேல."

சவரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயையோ! என்ன மேடம் இது? பிள்ளைங்க கம்ப்யூட்டர் உள்ள கிடக்கு! நாளைக் கழிச்சுப் பரீட்சை!"

ஷட்டரைப் பிடித்து ஆட்டினார். அது அசைந்து கொடுக்கவில்லை. ஜீனத் மாடிப்படியில் உட்கார்ந்து துப்பட்டாவால் விசிறிக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா, இல்லை தனக்குத்தானா? கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"இன்னொரு சாவி இருக்குமே?"

"இருக்கே."

"எங்க?"

"கீழ, டீக்கடையில."

"நம்ம கடைச் சாவி டீக்கடையில எதுக்கு?"

ஜீனத் விசிறிக்கொண்டே இருந்தாள்.

தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினார். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல் நீட்டினார்.

பாதிப் படி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடக் கடவுளே!"

மிச்சப் படிகளை ஓடிக் கடந்தார். பூட்டைத் திறந்தார். உட்காரக்கூட இல்லை. பென்டிரைவைச் செருகி, 'பத்திரம்' முழுவதையும் அதில் ஏற்றினார். நின்றபடியே ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்தார்.

என்ன தோன்றியதோ, மறுபடி படியிறங்கினார்.

"அண்ணாச்சி, சாவியோட இந்தப் பென்டிரைவும் கொஞ்ச நேரம் அந்த ஆணியில தொங்கட்டும்."

வெறுங்கையோடு, மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார்.

ஜீனத் அவர் கையைப் பார்த்தாள். சட்டைப்பையைப் பார்த்தாள். இரண்டும் காலி.

"இப்ப அழிங்கண்ணே" என்றாள்.