மின்னிக்கு எதிராக இரண்டு கைகள்

மேற்கு எல்லையில், மணலும் வெயிலும் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத ஓர் இராணுவ முகாமில் நடந்த வழக்கு இது. மாட்டிக்கொண்டவள் மின்னி என்கிற மோப்ப நாய். மண்ணுக்குள் புதைத்த வெடிகுண்டை மோப்பம் பிடித்துச் சொல்வதில் நான்கு வருட அனுபவம் உள்ளவள். அவளைப் பழக்கி, அவளோடு வேலை பார்த்தவன் கமுதிக்காரன் இருளப்பன். ஊரிலிருந்து போன் செய்து "நல்லா இருக்கியா?" என்று கேட்டால், "நல்லா இருக்கோம்" என்றுதான் பதில் சொல்வான்.

அந்த முகாமில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சொன்ன வேலையை மூன்று முறை மறுக்கிற நாயைப் பயிற்சி மையத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அது வேறு ஆளின் கைக்குப் போய்விடும். ஒரு வழக்கமும் உண்டு. வெயில் காலத்தில் நாயை இறக்கும் முன் தரையில் உள்ளங்கையை வைத்து ஏழு வரை எண்ணுவார்கள். கை பொறுத்தால் பாதமும் பொறுக்கும்.

மே மாதத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற கர்னல் மாசிலாமணி, மின்னியின் வேலையைப் பார்க்க ஆசைப்பட்டார். காலை ஆறு மணிக்கு ஏற்பாடு. வழியில் அவருடைய ஜீப் மணலில் புதைந்து, வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. சுபேதார் சிதம்பரதாணுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் அல்லர். புது அதிகாரியின் முன்னால் மானம் போய்விடக் கூடாதே என்ற படபடப்பு. அந்தப் படபடப்பில் ஏழு எண்ணுகிற வழக்கம் எல்லோருக்கும் மறந்து போயிற்று. இருளப்பனுக்கும்தான்.

கொட்டகை நிழலில் நின்றாள் மின்னி. எதிரே சிமென்ட் போட்ட மைதானம். அதன் எதிர்க்கோடியில் ஒளித்து வைத்த பெட்டியை அவள் கண்டுபிடிக்க வேண்டும்.

"தேடு!" என்றான் இருளப்பன்.

மின்னி ஒரு காலை வெயிலில் வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் முறையும் அதே கதை. இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி.

"கொழுப்பு சார், வேறொண்ணும் இல்ல" என்று சுபேதார் நிழலிலிருந்து வெயிலுக்குப் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் மின்னியின் தண்ணீர்ச் சட்டியை உதைத்துவிட்டார். நிழலின் ஓரத்திலிருந்து அவர் பூட்ஸ் வரை தண்ணீர் பரவி நின்றது.

"தரை கொதிக்குது சார்" என்றான் இருளப்பன். "நான் முன்னாடியே கைய வச்சுப் பாத்திருக்கணும். தப்பு என்மேலதான், அவ மேல இல்ல."

கர்னலே தொட்டுப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். மனிதர் ஆறு வருடம் பனிமலையில் காவல் இருந்தவர். குளிரில் விரல்களெல்லாம் மரத்துப்போய், டீ டம்ளரைக்கூட உதட்டில் வைத்துத்தான் சூடு பார்ப்பார். தரையில் உதட்டை வைக்கவா முடியும்? மூன்று பேரைக் கை வைக்கச் சொன்னார்.

இருளப்பன் மைதானத்துக்குள் பத்தடி போய் மண்டியிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. கை தானாக மேலே வந்துவிட்டது.

"நாய் போயிடுமோன்னு பயந்து கிடக்கிற ஆளு நீ" என்றார் கர்னல். "மூணுலயே எடுத்துட்டா எப்படிப்பா நம்புறது?"

சுபேதார் நின்ற இடத்திலேயே குனிந்து கையை வைத்தார். ஏழு வரை கணீரென்று எண்ணினார். "சூடு இல்லேன்னு சொல்லல சார். தாங்கக்கூடிய சூடுதான்." அவர் மனமறிந்து பொய் சொல்கிறவர் அல்லர்.

யார் பக்கமும் சாயாத ஆள் வேண்டுமென்று சமையல்காரர் பிச்சைக்கனியைக் கூப்பிட்டார்கள். இருநூறு பேருக்குச் சப்பாத்தி போடுகிறவர். அவருடைய அடுப்படியில் இடுக்கி என்று ஒரு சாமான் இருந்ததே இல்லை. இருளப்பன் தொட்ட இடத்திலேயே அவரும் கையை வைத்தார். ஏழைத் தாண்டிப் பத்தும் ஆயிற்று.

"இன்னும் எத்தன சார் எண்ணணும்? அங்க கல்லுல சப்பாத்தி கருகிட்டிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். இருளப்பனால் சிரிக்க முடியவில்லை. மின்னிக்கு எதிராக இரண்டு கைகள்; அவள் பக்கம் ஒரே கை, அதையும் நம்ப ஆள் இல்லை.

"கடைசித் தடவ. அந்தக் கோடியில நின்னு கூப்பிடு" என்றார் கர்னல்.

இருளப்பன் போய் நின்றான். "மின்னி, வா தாயி."

மின்னி எழுந்தாள். நிழலை விட்டு வெயிலுக்கு வந்தாள். சுபேதார் கை வைத்த இடம் வரை வந்தாள். அங்கே நான்கு கால்களையும் நெருக்கி வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். வாலை ஆட்டினாள், முனகினாள், இருளப்பனையே பார்த்தாள். அதற்கு மேல் ஓர் அங்குலம் நகரவில்லை.

"மூணாவது தடவையும் ஆச்சு சார்" என்றார் சுபேதார்.

கர்னல் கொஞ்ச நேரம் மின்னியின் கால்களைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "மூணு கையும் பொய் சொல்லல. ஆனா நான் நம்பப்போறது ஒரு கையத்தான்."

புத்திசாலிகளே, நீங்கள் சொல்லுங்கள். கர்னல் எந்தக் கையை நம்பியது சரி? மின்னி உண்மையில் எத்தனை முறை மறுத்தாள்?

விடை: நம்ப வேண்டியது இருளப்பனின் கையை. பிச்சைக்கனியின் கை வருடக்கணக்காகச் சப்பாத்திக் கல்லில் காய்த்துப் போனது. அதற்கு எந்தத் தரையும் சுடாது. சுபேதாரின் கை பட்டது கொட்டிய தண்ணீரில். பயந்தவன் நடித்திருக்கலாமே என்ற சந்தேகத்தை மின்னியே தீர்த்து வைத்தாள். வேலை செய்ய மனமில்லாதவள் நிழலை விட்டு எழுந்தே இருக்க மாட்டாள். அவளோ ஈரம் எதுவரை இருந்ததோ அதுவரை வந்து, அதற்குள்ளேயே நான்கு பாதங்களையும் ஒடுக்கிக்கொண்டு நின்றாள். ஆகவே அவள் ஒரு முறைகூட மறுக்கவில்லை, முடிந்த மட்டும் கீழ்ப்படிந்தாள். "மின்னி இங்கேயே இருக்கட்டும்" என்று கர்னல் சொன்ன மறுகணம், இருளப்பன் ஓடிவந்து முப்பது கிலோவையும் அப்படியே தூக்கிக்கொண்டு நிழலுக்கு நடந்தான். கர்னலுக்குச் சல்யூட் வைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அதை ஒரு குற்றமாக யாரும் எழுதவும் இல்லை.