யானைகளுக்காகப் படித்தவள்

மணிமொழி கால்நடை மருத்துவம் படிக்க வந்தது யானைகளுக்காக. முதல் நாளே அதை வகுப்பில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஐந்தரை வருடம் ஓடிவிட்டது. படிப்பு முடியும் நேரத்தில் ஒரு யானை முகாமுக்கு உதவி மருத்துவர் எடுத்தார்கள். ஒரே ஓர் இடம். மணிமொழியும் விண்ணப்பித்திருந்தாள். இன்று காலை பட்டியல் வந்தது. அதில் வேறொருவர் பெயர் இருந்தது.

அவள் நேரே கல்லூரி மருத்துவமனைக்குப் போனாள். கன்று ஈன முடியாமல் ஒரு பசு படுத்துக் கிடந்தது. பக்கத்தில் பேராசிரியர் எபனேசர் நின்றிருந்தார். பால்காரர் தணிகாசலம் பசுவின் தலையை மடியில் வைத்திருந்தார்.

"கிடைக்கல சார்."

"கையுறையைப் போடு."

தோள்வரை நீண்ட கையுறையைப் போட்டுக்கொண்டு அவள் தரையில் படுத்து, பசுவுக்குள் கையை விட்டாள்.

"கன்னு போனாப் போகட்டும்மா," என்றார் தணிகாசலம். "இவளைக் காப்பாத்திக் குடு."

"என்ன தெரியுது?" என்றார் எபனேசர்.

"முன்னங்கால் ரெண்டும் இருக்கு. தலை பின்னால திரும்பியிருக்கு சார்."

"உயிர் இருக்கா?"

கன்றின் வாய்க்குள் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது மெல்ல விரலைச் சப்பியது.

"இருக்கு."

பசு முக்கும்போதெல்லாம் அவள் கை அதன் இடுப்பெலும்புக்கு நடுவே நசுங்கியது. முக்கல் விட்டதும் கன்றின் தலையைக் கொஞ்சம் திருப்பினாள். அரை மணி நேரம் கழித்து எபனேசரும் சேர்ந்து இழுக்க, கன்று வெளியே வந்து விழுந்து தும்மியது. தணிகாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குழாயடியில் கை கழுவும்போது மணிமொழி சொன்னாள்:

"நாமக்கல்ல ஒரு கோழிப்பண்ணை கம்பெனி கூப்பிடுது. அரசாங்கப் பரீட்சை வருது. வீட்ல வெளிநாடு போய் மேல படிங்கிறாங்க. எதுலயும் மனசு ஒட்டல சார்."

"ம்."

"நீங்க எதுக்காகப் படிச்சீங்க?"

"திமிங்கிலத்துக்காக."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க ஊர்க் கரையில ஒண்ணு ஒதுங்குச்சு. அப்ப எனக்கு எட்டு வயசு. அது சாகிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். என்ன செய்யணும்னு யாருக்கும் தெரியல."

"அப்புறம்?"

"அதுக்கு இங்க வேலை எதுவும் இல்ல. மாடுதான் வந்துச்சு."

"அந்த ஆசை போயிடுச்சா சார்?"

எபனேசர் குழாயை மூடினார்.

"எங்க போகும்? முப்பது வருஷமா தினமும் என்கூட மாடு பார்க்க வருது."