அரை லிட்டரில் எவ்வளவு?

இருட்டியதும் அந்தச் சத்தம் வந்தது. ஜன்னல் கம்பிகளில் ஒவ்வொன்றாக ஏதோ உரசிக்கொண்டே போனது.

"அவரோட கல்யாண மோதிரம், சிஸ்டர். வந்துட்டார்" என்றாள் பவுலின்.

அவள் படித்த கான்வென்டின் கெமிஸ்ட்ரி லேப் அது. தோளில் குழந்தை தூங்கியது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

சிஸ்டர் லெயோனி டெஸ்ட் டியூப் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன கேக்க வந்தே?"

"அவரோட திரும்பிப் போகலாமா, சிஸ்டர்?"

பவுலின் ஒரு பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். கணவன் சாயப்பட்டறையிலிருந்து கொண்டுவந்தது. நேற்று அதைத் திறந்து குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தான். காலையில் சிரித்தான்.

"வெறும் டைல்யூட்தான்டின்னு சொன்னார், சிஸ்டர். எல்லாம் தண்ணியாம்."

சிஸ்டர் லேபிளைப் படித்தார். காஸ்டிக் சோடா, பட்ட இடத்தை அரிப்பது. இரண்டு மோலார். அரை லிட்டர்.

"உள்ளே சோடா எவ்வளவு?"

"எம்பது கிராம்."

"அது ஒரு லிட்டருக்கு. பயத்துல கூட்டாதே."

"அப்போ... பத்து, இருபது இருக்கும்."

"ஆசையில குறைக்காதே. கணக்கைப் போடு."

பவுலினின் உதடுகள் அசைந்தன.

"ரெண்டு மோலார், அரை லிட்டர். ஒரு மோல். ஒரு மோல் சோடா... நாப்பது கிராம், சிஸ்டர்."

சிஸ்டர் லேபிலிருந்த சோடா ஜாடியைத் திறந்து, தராசில் நாற்பது கிராம் நிறுத்தார். கண்ணாடித் தட்டில் வெள்ளைச் செதில்கள் குவிந்தன. சற்று நேரத்தில் அவை காற்றின் ஈரத்தை இழுத்து வியர்க்கத் தொடங்கின.

பவுலின் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

மோதிரம் இப்போது கதவில் தட்டியது.

"பவுலி, பனி கொட்டுது. பாப்பாவுக்குச் சளி பிடிச்சுக்கும். வாம்மா, வீட்டுக்குப் போகலாம்."

கல்யாணமான புதிதில் கேட்ட குரல்.

"நல்லாத்தானே பேசறார், சிஸ்டர்?"

சிஸ்டர் பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மாதா கோயில் தீர்த்தத் தொட்டித் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது.

"உள்ளே ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"அந்த நாப்பது கிராம் எங்கே போச்சு?"

பவுலின் தட்டைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"பவுலி" என்றது குரல், இன்னும் மெதுவாக.

சிஸ்டர் மறுபடி டெஸ்ட் டியூப் கழுவத் தொடங்கினார்.

பவுலின் எழுந்து போய், ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி, மறு கையால் தாழ்ப்பாளைப் போட்டாள்.