மஞ்சள் கோட்டைத் தாண்டாத வால்

"உங்களுக்கு என்னைப் பிடிக்கல, மேடம்" என்றார் மருதையன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பயிற்சியில் இருந்தார். கற்றுக்கொடுத்த செராபினாவுக்கு முப்பத்தொன்று.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டாம். மூணு நாள்ல நாலு விமானம். ஒவ்வொண்ணுக்கும் நான் 'இறங்கலாம்'னு சொல்ல வாயெடுக்கறேன். நீங்க குறுக்கே புகுந்து, 'இறங்க வேண்டாம், மேலேறிச் சுத்தி வாங்க'ன்னு அனுப்பிடறீங்க. கீழே எல்லாரும் சிரிக்கறாங்க."

செராபினா ஓடுபாதையைப் பார்த்தபடி இருந்தார்.

அவர் மடியில் ஒரு படிவம் மடித்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கு மருதையன் தகுதியா, இல்லையா என்று அவர் எழுத வேண்டிய படிவம். அவர் தேர்வுக்கு முயல்வது இது மூன்றாவது முறை. இதற்குமேல் வாய்ப்பில்லை. தவறினால், முன்பு வேலை பார்த்த கீழே கோப்பு அறைக்கே திரும்ப வேண்டியதுதான்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மருதையனுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தார்.

"எழுதிட்டீங்கதானே?"

"நேத்து அந்த நாலாவது விமானம். ஓடுபாதை காலியா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது சார்?"

"முன்னால இறங்கினவர் சொன்னாரே, 'வெளியே வந்துட்டேன்'னு."

"அவரைத் தெரியுமா?"

"பைலட், மேடம்."

"முகம்?"

"பார்த்ததில்ல."

"மூணு மாசமா பக்கத்துல உக்காந்திருக்கேன். என் டிபன் பாக்ஸ்ல பாதியை நீங்கதான் தின்னிருக்கீங்க. முகம் தெரியாதவரை நம்பறீங்க, சந்தேகம் மட்டும் என்மேல."

மருதையனின் முகம் சுண்டியது.

உச்சி வெயில். ஓடுபாதை தண்ணீர் போல நெளிந்தது. ஒரு விமானம் இறங்கி, ஓடி, வேகம் தணிந்து பக்கவழியில் திரும்பியது.

"வெளியே வந்துட்டேன்" என்றது ஒலிபெருக்கி.

இரண்டு மைல் தூரத்தில் அடுத்தது, சக்கரங்களை இறக்கிக்கொண்டு வந்தது.

"இறங்கலாமா?" என்றது இன்னொரு குரல்.

செராபினா இந்த முறை குறுக்கே புகவில்லை. அதுவே மருதையனுக்குச் சந்தேகமாக இருந்தது.

மருதையன் பைனாகுலரை எடுத்தார்.

பக்கவழியின் குறுக்கே ஒரு டிராக்டர் நின்றது. அதைத் தாண்ட முடியாமல், முன்னால் இறங்கிய விமானமும் நின்றிருந்தது. மூக்கு, ஓடுபாதையின் எல்லையைக் காட்டும் மஞ்சள் கோட்டைத் தாண்டியிருந்தது. வால் தாண்டவில்லை.

"இறங்க வேண்டாம்" என்றார் மருதையன். "மேலேறிச் சுத்தி வாங்க."

இறங்க வந்த விமானம் இரைந்துகொண்டு கோபுரத்தைக் கடந்து ஏறியது. கண்ணாடிகள் அதிர்ந்தன.

"ஏன்?" என்றது அந்தக் குரல், எரிச்சலோடு. "அவர்தான் வெளியே வந்துட்டேன்னு சொன்னாரே!"

செராபினா படிவத்தைப் பிரித்து நீட்டினார்.

"இந்தாங்க சார். நீங்களே பாருங்க."

"இருங்க மேடம்." மருதையன் பைனாகுலரை இறக்கவில்லை. "வால் இன்னும் போகல."

படிவம் வெறுமையாக இருந்தது.

செராபினா பேனாவின் மூடியைத் திறந்தார்.