மஞ்சள் இறக்கையின் முன்விளிம்பு

"ஏனுங்க மேடம், றெக்கை முன்னாடி பெயின்ட் உரியாம இருக்க என்ன பண்றதுங்க?"

கேட்டவர் ராக்கியப்பன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டிய வயதில் பழைய இரண்டு சீட்டு விமானம் ஒன்றை வாங்கினார். அதற்குப் பளபளவென்று மஞ்சள் அடித்தார். ஓட்டக் கற்றுக்கொள்ள இந்தப் பொட்டல்காட்டு விமானத் திடலுக்கு வந்து சேர்ந்தார்.

பதில் சொல்ல வேண்டியவர் அங்கே பயிற்சி கொடுக்கும் கேப்டன் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர். ராக்கியப்பனின் மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அவர் சரி என்று சொல்லாமல் அந்தத் திடலில் எந்த மாணவரும் தனியாகப் பறக்க முடியாது.

இறக்கையின் முன்விளிம்பு பாவப்பட்ட இடம். காற்றை முதலில் போய் முட்டுவது அதுதான். மழைத்துளி, மணல், வண்டு எல்லாம் அதன் முகத்தில்தான் வந்து அறையும்.

ஜெசிந்தா ஒரு துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தார். ராக்கியப்பன் கையில் கொடுத்தார்.

"எறங்கினதும் தொடைங்க. பூச்சி காயுறதுக்குள்ள."

"அப்புறமுங்க?"

"மறுநாளும் தொடைங்க."

ராக்கியப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஈரத்துணி அவர் பட்டறையிலேயே மூலைக்கு மூலை கிடக்கிறது. ஆனாலும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரிடம் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது.

"என்னை எப்பங்க தனியா விடுவீங்க?"

"முன்விளிம்பு சரியா இருக்கும்போது."

ராக்கியப்பனுக்கு அது விளையாட்டுக் கேள்வி இல்லை. வந்த புதிதில் ஒருநாள் சொல்லியிருந்தார்: "நான் பாடி கட்டின பஸ்ஸு போகாத ஊரே இல்லீங்க. நான்தான் பட்டறையை விட்டு எங்கயும் போகலை. ஒரே ஒரு தடவை, பக்கத்துல யாரும் இல்லாம, நானா மேல போயி நானா எறங்கணுமுங்க."

ஜெசிந்தா அதை மறக்கவில்லை.

அன்றிலிருந்து ராக்கியப்பன் துடைத்தார். மனிதர் பிடித்தால் பிடிதான். இறங்கியதும் துணியும் கையுமாக நிற்பார். டீ ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடக்கும்.

பக்கத்தில் ஜெசிந்தாவும் துடைப்பார், திடலின் பழைய விமானத்தை. அதன் முன்விளிம்பில் பெயின்ட் எப்போதோ போய்விட்டது. வெறும் தகடுதான் தெரியும்.

"பெயின்டே இல்லாததை எதுக்குங்க தொடைக்கறீங்க?"

"நான் பெயின்டையா தொடைக்கேன்?"

ராக்கியப்பனுக்கு இது விளங்கவில்லை. விளங்காததைத் தலையாட்டி ஏற்றுக்கொள்ளும் ஆளும் இல்லை அவர்.

ஒருநாள் இருவரும் மேலே இருக்கும்போது திடலின் பக்கம் மழை கட்டியது. இறங்க வேண்டிய ராக்கியப்பன் விமானத்தை மெல்லத் திருப்பினார்.

"எங்க போறீய அண்ணாச்சி?"

"மழைங்க."

"தூத்தலுதான். ரன்வே அந்தப் பக்கம்லா இருக்கு."

"பெயின்ட்டுங்க மேடம்..."

"திருப்புங்க."

தூறலுக்குள் புகுந்து இறங்கினார்கள். முன்விளிம்பில் ஊசி குத்தியதுபோல் அங்கங்கே பெயின்ட் பொரிந்திருந்தது. ராக்கியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கு அம்மை போட்டால்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த விளிம்பைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

கரூருக்குப் போனார். பஸ் முகப்பில் கல் தெறித்தாலும் கீறல் விழாமல் இருக்க ஒட்டுகிற, கண்ணாடி மாதிரியான தடித்த பிலிம் ஒரு சுருள் கொண்டுவந்தார். ஆள் இல்லாத ஒரு விடுமுறை நாளில் பொரிந்த இடங்களில் மஞ்சள் அடித்து, அது நன்றாகக் காயும் முன்பே இரண்டு இறக்கைக்கும் பிலிமை ஒட்டி முடித்தார். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் துணியைத்தான் நீட்டுவார்.

மறுநாள் முன்விளிம்பு வெயிலில் மின்னியது.

"இப்பச் சரியா இருக்குதுங்களா மேடம்?"

ஜெசிந்தா கட்டைவிரலை விளிம்பின் அடியில் வைத்து மேல்நோக்கித் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அடுத்த இறக்கையிலும் தடவினார். அங்கே வேறோர் இடத்தில் நின்றது. பிலிம் எங்கும் கழன்று வராது என்று முழு நீளத்துக்கும் அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"ஏறுங்க" என்றார்.

மேலே போனதும், "இன்னும் ஒசரம்" என்றார். வழக்கமான உயரத்தைத் தாண்டியும் போனார்கள்.

"இப்ப வேகத்தைக் கொறைங்க. மூக்கைத் தூக்கியே வைங்க."

இது அவர்கள் பலமுறை செய்த பயிற்சிதான். வேகம் குறையக் குறைய ஒரு கட்டத்தில் இறக்கை காற்றைப் பிடித்து நிற்க முடியாமல் போகும். அந்த மஞ்சள் விமானம் முதலில் உடம்பு நடுங்கும். பிறகு மூக்கை நேராகத் தாழ்த்தும். சொல்லிவிட்டு விழுகிற விமானம்.

அன்று அது சொல்லவில்லை.

நடுக்கம் எதுவும் வராமலே இடது இறக்கை சட்டென்று விழுந்தது. பனைமரங்கள் பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டன.

ராக்கியப்பன் மூக்கைத் தாழ்த்தினார். வலது பெடலை மிதித்தார். ஜெசிந்தாவின் கை கட்டுப்பாட்டுக் கம்பிக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் தொடவில்லை. விமானம் நிமிர்ந்தது. ராக்கியப்பனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் அப்படிப் பயந்ததே இல்லை.

"மேடம், இதுவே எறங்கும்போது, பனைமர உசரத்துல நடந்திருந்தா?"



தரைக்கு வந்ததும் ஜெசிந்தா ராக்கியப்பனின் கட்டைவிரலைப் பிடித்து இடது விளிம்பில் வைத்து மேலே நகர்த்தினார். பிலிம் முடிகிற இடத்தில் விரல் தடுக்கியது.

"மயிரளவு கனம்தானுங்க."

"ஒங்க விரலுக்கு. காத்துக்கு அது வாசப்படி. இந்தப் பக்கம் ஒசத்தி ஒட்டியிருக்கீய, அந்தப் பக்கம் தாழ்த்தி. தடுக்குனா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல தடுக்குமா?"

ராக்கியப்பன் பிலிமின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"உரிச்சா பெயின்ட்டும் கூடவே வந்துருமுங்க. காயறதுக்கு முன்னாலயே ஒட்டிப்போட்டேன்."

"வரும்."

அவ்வளவுதான். ஜெசிந்தா தன் துணியை எடுத்துக்கொண்டு பழைய விமானத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

ராக்கியப்பன் பிலிமின் மூலையில் நகத்தைக் கொடுத்தார்.

பர்ரென்று வந்தது. அவர் ஆசை ஆசையாய் அடித்த மஞ்சள் பாளம் பாளமாக அதோடு உரிந்து வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. இடது இறக்கை முடிந்து வலதுக்குப் போகும்போது அவர் கையில் தயக்கம் போயிருந்தது. பொழுது சாயும்வரை பசையைத் தேய்த்தார். மிச்சமிருந்த பெயின்ட் ஓரங்களையும் மழமழவென்று இழைத்தார். கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். தடுக்கினால் மறுபடி தேய்ப்பார்.

காலையில் திடலின் மெக்கானிக் வந்து இறக்கைகளைச் சோதித்துப் பறக்கலாம் என்றார். ராக்கியப்பன் ஜெசிந்தாவோடு மேலே போனார். வேகம் குறைந்தது. விமானம் நன்றாக நடுங்கியது, பிறகு மூக்கை நேராகத் தாழ்த்தியது. ராக்கியப்பன் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார்.

இறங்கியதும் துணியை நனைத்தார். வெறும் தகட்டில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜெசிந்தா பின்னால் வந்து நின்றார்.

"என்னத்தைத் தொடைக்கீய அண்ணாச்சி? பெயின்ட்டுதான் போயிட்டுல்லா?"

"நான் பெயின்டையா தொடைக்கறேன்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. துணி கையில் அப்படியே நின்றது.

ஜெசிந்தா இறக்கை நுனியிலிருந்து நடந்து வந்தார். கட்டைவிரல் விளிம்பில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தது. எங்கும் நிற்கவில்லை.

"ஏறுங்க. இன்னொரு ரவுண்டு."

ராக்கியப்பன் ஏறி உட்கார்ந்தார். ஜெசிந்தா மறுபக்கக் கதவைத் திறந்தார். குனிந்து, தன் காலி சீட்டின் பெல்ட்டை மாட்டி, அது ஆடாதபடி இறுக்கினார்.

"நீங்க ஏறலீங்களா மேடம்?"

"எனக்கு அங்க என்ன சோலி?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.